கண்ணாடிப் பெட்டிக்கு ஒற்றைக் கால் பூட்ஸ்

அன்றைக்குப் பட்டாளத்து விசாரணை நடந்த அந்த மாடி அறையில் இருந்தவர்களை வரிசையாகச் சொல்கிறேன். மேசைக்கு அந்தப் பக்கம் வடக்கத்தி ஆபீசர். சட்டையில் பேர் குத்தியிருந்தது, எனக்குப் படிக்கத் தெரியாத எழுத்து. அவருக்குப் பக்கத்தில் டைப் மிஷினோடு கிளார்க் தங்கவேலு. கதவோரம் டீ டம்ளர்களைக் கையில் அடுக்கிக்கொண்டு நின்ற பியூன் காளிமுத்து. மேசைக்கு இந்தப் பக்கம் உன் அப்பா. கட்டினவர் பேரை நான் வாயால் சொன்னதில்லை, இப்போதும் எழுத வரவில்லை, தோல் ஷாப்புக்காரர் என்றால் பேகம்பூரில் தெரியாதவர்கள் கிடையாது. அவருக்கு இடது பக்கம் நான். வலது பக்கம் நீ. எங்களைக் கூட்டி வந்த அவில்தார் பிச்சை வாசலோடு நின்றுவிட்டார், அது ஏன் என்பதைப் பிறகு சொல்கிறேன். மேசைமேல் செய்தித்தாளை விரித்து, உன் அண்ணன் சவரிராஜின் பூட்ஸ் இரண்டும். அவன் இல்லை. அவன் செத்து ஏழு மாதம் ஆகியிருந்தது.

அப்பு, உன் கடிதம் போன வாரம் வந்தது. எனக்குக் காது மந்தமான பிறகு நீ போனில் கத்துவதை விட்டுவிட்டு எழுத ஆரம்பித்தது நல்லதாகப் போயிற்று. அஞ்சாவது வரை படித்தவளுக்குக் கடிதம்தான் வசதி, ஒரு வரியை எத்தனை தடவை வேண்டுமானாலும் திருப்பிப் படிக்கலாம். சுதந்திர தினத்தன்று சவரி படித்த பள்ளிக்கூடத்தில் அவன் படத்தைத் திறக்கிறார்கள், மந்திரி வருகிறார், கலெக்டர் வருகிறார், படத்துக்குக் கீழே கண்ணாடிப் பெட்டி ஒன்று வைத்து அதில் அவனுடைய பூட்ஸை வைக்கப் போகிறார்கள் என்று எழுதியிருந்தாய். "பூட்ஸை ஸ்டெல்லாவிடம் கொடுத்துவிடுங்கள், நான் பாலிஷ் போட்டுக்கொள்கிறேன்" என்று கடைசியில் ஒரு வரி. இருபது வருஷத்துக்கு மேலாகிறது, அரசாங்கத்திலிருந்து அவனைத் தேடி ஒரு காக்கா வந்ததில்லை. லீவுக்கு வந்திருக்கும் உன் மகள் ஸ்டெல்லாவிடம், "என்ன திடீர்னு?" என்று கேட்டேன். "எலெக்‌ஷன் வருது அப்பத்தா" என்றாள். உன் மகளுக்கு உன்னைவிட வாய் திறக்கிறது.

பூட்ஸைத் தருகிறேன். ஆனால் இந்தக் கடிதத்தையும் அதற்குப் பக்கத்தில் மடிக்காமல் விரித்து வைக்க வேண்டும். கண்ணாடி மேல் குனிந்து பார்க்கிறவர்கள் படிக்கட்டும். அதற்காகத்தான் உனக்குத் தெரிந்ததையும் விடாமல் எழுதுகிறேன். படிக்கிறவர்களுக்கு நாம் யாரென்று தெரியாதல்லவா.

முதலில் என் தப்பிலிருந்து தொடங்குகிறேன். அவனைப் பட்டாளத்துக்கு அனுப்பியது நான். உன் அப்பாவுக்கு அதில் இஷ்டமில்லை. அவர் பதினாறு வயதில் தோல் பதனிடுகிற அந்த ஷாப்பில் சுண்ணாம்புத் தொட்டிக்குள் இறங்கியவர். பட்டை போடுவது, எண்ணெய் போடுவது, தரம் பிரிப்பது என்று ஒவ்வொன்றாக ஏறி, கடைசியில் கட்டைவிரல் நகத்தால் ஒரு அழுத்து அழுத்தி, இது நல்ல தோல், இது ஆகாது என்று சொன்னால் முதலாளியே மறுபேச்சுப் பேசாத அளவுக்கு வந்தார். "அங்க போயி என்னத்தச் சாதிக்கப் போறான்? எங்கூட நின்னா கண்ணு முன்னாடி கெடப்பான்ல" என்றார். நான் விட்டேனா? "ஒங்ககூட நின்னா எவன் பொண்ணு குடுப்பான்? நீங்க வாரது தெருமுனையிலயே மூக்குக்குத் தெரியுது" என்றேன். அவர் சிரித்துக்கொண்டு போய்விட்டார், ஆனால் அன்று சாயங்காலம் குளித்தபோது வழக்கத்தைவிட அதிகமாகச் சோப்புப் போட்டுத் தேய்த்ததைப் பார்த்தேன். நம் தெருவில் இருந்த அவில்தார் பிச்சை, ரிடையர் ஆகி வந்தவர், தினமும் விடிகாலையில் சவரியை வேடசந்தூர் ரோட்டில் ஓடவிட்டார். மில் பஸ்ஸில் போகிறவர்கள் எல்லாம் ஜன்னல் வழியாகக் கேலி பேசுவார்கள். நான் தினம் இரண்டு முட்டை அவித்துக் கொடுத்தேன். ஆள் எடுத்த அன்று நெஞ்சளவு சரியாக வந்தது என்று அவன் ஓடி வந்து சொன்னபோது, அது என் முட்டை என்று ஊர் முழுக்கச் சொல்லித் திரிந்தவள் நான்.

கடைசியாக அவன் லீவில் வந்தது நத்தத்தில் உன் அத்தை மகள் கல்யாணத்துக்கு. வாசலில் பூட்ஸைக் கழற்றிப் போட்டுவிட்டு உள்ளே வந்தான். நீயும் நானும் அவனைப் பார்த்தோம், உன் அப்பா பூட்ஸைப் பார்த்தார். குனிந்து எடுத்தார். நகத்தால் அழுத்தினார். விளிம்பைப் பிரித்து, நுனி நாக்கால் தொட்டு, எச்சிலை வைத்துவிட்டுப் பார்த்துக்கொண்டே நின்றார். எச்சில் நொடியில் உள்ளே போய்விட்டது. நல்ல தோலில் அது செத்த நேரம் நிற்கும்.

"ஏலே சவரி, இத யாரு குடுத்தா?"

"கவர்மெண்டு குடுத்ததுப்பா."

"இது அடித்தோலுடா. தோல ரெண்டா உரிச்சு, மேல்தோல எவனுக்கோ வித்துப்புட்டு, அடித்தோலுக்குச் சாயம் பூசி ஒங்க தலையில கட்டிருக்கான். தண்ணியக் குடிக்கும் இது. இதப் போட்டுக்கிட்டா பனியில நிக்கிற?"

"பனிக்குன்னு வேற பூட்ஸு இருக்குப்பா. கொஞ்சந்தான் இருக்கு. மேல காவலுக்குப் போறவன் போட்டுட்டுப் போவான், எறங்கி வந்ததும் அடுத்தவனுக்குக் கழட்டிக் குடுக்கணும். எங்களுக்கெல்லாம் அடுத்த வருச பட்ஜெட்டுல வருமாம்."

"அதுவரைக்கும் பனி காத்துக்கிட்டு இருக்குமா?" என்று கேட்டுவிட்டு, அந்த ஞாயிற்றுக்கிழமை பூசைக்குக்கூட வராமல், பூட்ஸை மஞ்சப்பையில் போட்டுக்கொண்டு ஷாப்புக்குப் போனார். மீன் எண்ணெயைச் சூடுகாட்டி, துணியில் தொடாமல் வெறும் கையால், தையல் தையலாகத் தேய்த்துக்கொண்டு வந்தார். வீடெல்லாம் நாறியது. சவரி மூக்கைப் பிடித்துக்கொண்டு, "யப்பா, இதப் போட்டுட்டு நின்னா எதிரி வரமாட்டான், எல்லையில இருக்கிற பூனை பூராவும் என் காலச் சுத்தும்" என்றான். நீ விழுந்து விழுந்து சிரித்தாய். நானும்தான். எட்டாம் நாள் அதைப் போட்டுக்கொண்டுதான் ரயில் ஏறினான்.

அந்த வருஷ பட்ஜெட்டை உன் அப்பா ஷாப்பு வாசல் டீக்கடை ரேடியோவில் நின்றுகொண்டே கேட்டார். அதற்கு முன்னால் அவருக்குப் பட்ஜெட் என்றால் பீடி விலை. வீட்டுக்கு வந்து, "ராணுவத்துக்குன்னு ஒதுக்குன கோடியச் சொன்னான் பாரு, கேக்குறதுக்கே மூச்சு முட்டுது. சவரிக்குப் பூட்ஸு வந்துரும்டி" என்றார். அடுத்த ஜனவரியில் குடியரசு தின அணிவகுப்பைப் பக்கத்து வீட்டு டிவியில் பார்த்தோம், ஞாபகம் இருக்கிறதா? வானத்தில் விமானங்கள் புகை விட்டுக்கொண்டு போயின, லாரி மேல் தென்னைமரம் நீளத்துக்கு ராக்கெட்டுகள் வந்தன, எல்லாரும் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தார்கள். உன் அப்பா மட்டும் கீழே நடந்து போனவர்களின் கால்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். "இவங்களுக்கு நல்ல தோலு குடுத்துருக்கான். டிவியில வாரவங்கள்ல" என்றார்.

அதே மாதம், நிலக்கோட்டைக்காரப் பையன் ஒருவன், சவரியோடு இருந்தவன், ஆஸ்பத்திரியிலிருந்து அவனுக்காக எழுதிய கடிதம் வந்தது. காவலுக்குப் போன இடத்தில் பனி பிடித்து இரண்டு நாள் இறங்க முடியவில்லை, பனி பூட்ஸ் அவன் முறைக்கு வரவில்லை, கால் விரல்கள் கறுத்துவிட்டன, இடது காலைக் கணுவுக்கு மேல் எடுத்திருக்கிறார்கள், பயப்பட வேண்டாம் என்றிருந்தது. பயப்பட்டு முடிப்பதற்குள் தந்தி வந்துவிட்டது. பெட்டியோடு இரண்டு சிப்பாய்கள் ரயிலில் வந்தார்கள். கோயில் கல்லறையில் புதைத்தோம். அரசாங்கத்தில் இருந்து யாரும் வரவில்லை, ஒரு மாலை வரவில்லை. குண்டுக்குச் செத்தால் ஒரு சாவு, குளிருக்குச் செத்தால் வேறொரு சாவு என்பதைப் பிச்சைதான் எங்களுக்கு விளக்கினார். வேலையில் இருந்ததால் வந்த கேடா, அவனுடைய அஜாக்கிரதையால் வந்த கேடா என்று ஒரு ஆபீசர் வந்து விசாரித்து எழுதுவார், அதை வைத்துத்தான் மற்றதெல்லாம் என்றார். பிறகு அவனுடைய டிரங்குப் பெட்டி வந்தது. அதற்குள் பூட்ஸ்.

உன் அப்பாவுக்குப் பணத்தைப் பற்றிய யோசனையே இல்லை. விசாரணைக்குக் கிளம்பின காலையில் பூட்ஸைத் தாளில் சுற்றிக்கொண்டே என்ன சொன்னார் என்பதை நீயும் கேட்டாய். "வந்தா வருது, வராட்டிப் போகுது. இந்தத் தோல ஒரு பெரிய அதிகாரி கையில குடுத்து, இது இன்னதுன்னு சொல்லிரணும். இன்னும் எத்தன பிள்ளைக இதப் போட்டுக்கிட்டு நிக்கிதோ." அவர் அந்த மாடிப்படியில் ஏறியது அந்த ஒரு காரியத்துக்காகத்தான்.

படிக்கட்டில் பிச்சை கேட்டார்: "அண்ணே, நான் உள்ள வரட்டா? எனக்கு இந்தி சரளமா வரும். பதினேழு வருசம் திட்டு வாங்கியே கத்துக்கிட்டது."

"வேணாம் பிச்சை. எம்மகன் பி.காம். படிக்கிறான். அவனே இங்கிலீஷ்ல சொல்லுவான்." அதைச் சொன்னபோது உன் அப்பா முகத்தில் இருந்த பெருமையை, பிள்ளையைப் பறிகொடுத்து ஏழு மாதத்தில் அப்போதுதான் பார்த்தேன்.

"தொரை இருக்கும்போது எனக்கென்ன வேலை. நான் டீ குடிக்கிறேன்" என்று பிச்சை வாசலில் நின்றுகொண்டார். அவர் ஒருவர் உள்ளே வந்திருந்தால் எல்லாமே வேறு மாதிரி ஆகியிருக்கும்.

அந்த ஆபீசர் கெட்ட மனுஷன் இல்லை. நான் உள்ளே போனதும் எழுந்து நின்றார், நாற்காலியை அவரே இழுத்துப் போட்டார். பூட்ஸை எடுத்துப் பார்த்தார், முகர்ந்தார், ஏதோ கேட்டார். நீ அப்பா பக்கம் திரும்பி, "இதுக்கு யாரு என்ன பண்ணுனதுன்னு கேக்குறாருப்பா" என்றாய். உன் அப்பா பேசினார். அதை நான் ஒரு சொல் மாறாமல் சொல்வேன். "நான்தான்யா எண்ணெய் போட்டேன். மீன் எண்ணெய், எங்க ஷாப்புல போடுறது. ஏன் போட்டேன்னா இது அடித்தோலு, மேல்தோல எடுத்துட்டாங்க. அப்படியே விட்டா ஒரு வாரம் தாங்காது, தண்ணியக் குடிச்சுக் காலப் பிடிக்கும். முப்பது வருசமா நான் தோலுதான் பாக்குறேன். இதக் கொள்முதல் பண்ணுனது யாருன்னு கேளுங்கய்யா. மத்த பிள்ளைக காலுல இது இருந்தா ஒடனே கழட்டச் சொல்லுங்க. இந்தா, நாக்குல தொட்டு வச்சுக் காட்டுறேன், நீங்களே பாருங்க."

நீ ஆபீசரிடம் சொன்னது ஒரு மூச்சு நீளம்கூட இல்லை. எனக்கு இங்கிலீஷ் தெரியாது, ஆனால் நீளம் தெரியும். அந்த ஆபீசருக்கும் தெரிந்தது. பேனாவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு உன் அப்பாவைப் பார்த்தார், பிறகு உன்னைப் பார்த்தார், இன்னும் இருக்கிறதா என்பது போல. நீ இல்லை என்று தலையாட்டினாய். அதே நேரத்தில் உன் அப்பா பூட்ஸைக் கையில் எடுத்துத் தலை குனிந்து நாக்கால் தொட்டார். அவர் தோலைக் காட்டுவதற்காகச் செய்தார். ஆபீசருக்கு அது தெரியாதே, யாரும் சொல்லவில்லையே. தகப்பன் செத்த மகனின் பூட்ஸை முத்தமிடுகிறான் என்று நினைத்துவிட்டார். நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து, விறைத்து நின்று, ஒரு சல்யூட் அடித்தார். காளிமுத்து கையிலிருந்த டம்ளர்களைக் கீழே வைத்துவிட்டுக் கண்ணைத் துடைத்தான். உன் அப்பா எச்சில் உள்ளே போன இடத்தை விரலால் காட்டிக்கொண்டே இருந்தார். யாரும் அந்த இடத்தைப் பார்க்கவில்லை.

தங்கவேலு டைப் அடித்தார். நீ கையெழுத்துப் போட்டாய். அப்பா கைநாட்டு வைத்தார். பஸ் ஸ்டாண்டில் நான் உன்னைத் தனியாகக் கேட்டேன்: "ஏண்டா அப்பு, அப்பா அம்புட்டுப் பேசுனாரு, நீ இம்புட்டுத்தான் சொன்ன?"

"இங்கிலீஷ்ல சுருக்கமா வரும்மா" என்றாய்.

உன் காது மடல் சிவந்திருந்தது. சின்ன வயதில் பொய் சொன்னால் அப்படித்தான் சிவக்கும். அப்போதே உன் சட்டையைப் பிடித்து உலுக்கி, மறுபடி மாடியேறச் சொல்லியிருக்க வேண்டும். செய்யவில்லை. முந்தின நாள் தங்கவேலு உன்னைத் தனியே கூப்பிட்டுப் பேசினது எனக்குத் தெரியும், கருணை அடிப்படையில் உனக்கு வேலை கிடைக்கும் என்று பேச்சு இருந்ததும் தெரியும். ஒரு பிள்ளை போய்விட்டான், இன்னொன்றாவது சுண்ணாம்புத் தொட்டிக்குள் இறங்காமல் இருக்கட்டும் என்று வாயை மூடிக்கொண்டேன். அந்த வேலையில் வந்த அரிசியை இத்தனை வருஷம் நானும்தான் தின்றேன். இதைப் படிக்கிறவர்கள் என்னையும் சேர்த்தே எண்ணிக்கொள்ளட்டும்.

தீர்ப்புக் கடிதம் வந்தது, உனக்கு வேலை ஆர்டர் வந்து ஒரு மாதம் கழித்து. நீதான் படித்துச் சொன்னாய்.

"எண்ணெய் போட்டதுனால தோலு கெட்டு, எண்ணெய் பனியில ஒறைஞ்சு காலப் பிடிச்சிருக்கலாம்னு எழுதியிருக்காங்கப்பா. அதனால இது டூட்டியில வந்ததா எடுத்துக்க முடியாதாம்."

"தோலப் பத்தி நான் சொன்னது?"

"அதப் பத்தி ஒண்ணும் இல்லப்பா."

உன் அப்பா தன் வலது கையை விரித்துப் பார்த்தார். பிறகு, "மிஷினு வச்சுப் பாத்துருப்பாங்க. என்ன மாதிரி நாக்குல தொட்டா பாப்பாங்க? அப்ப அது நல்ல தோலுதான். என் வெரலுதான் பொய் சொல்லிருச்சு" என்றார். தான் சொன்னதை அவர்கள் கேட்டு, சோதித்துப் பார்த்து, இல்லை என்று தள்ளிவிட்டதாக நினைத்துக்கொண்டார். கேட்கவே இல்லை என்பது அவருக்குத் தெரியாது, எனக்கும் வெறும் சந்தேகம்தான். அந்த அறையில் இருந்தவர்களில் உனக்கும் டைப் அடித்த தங்கவேலுவுக்கும்தான் நிச்சயமாகத் தெரியும்.

அடுத்த நாளிலிருந்து அவர் வலது கையால் சாப்பிடவில்லை. அந்தக் கைதானே எண்ணெய் தேய்த்தது. இடது கையால் அள்ளி வாயில் வைக்கப் பார்த்தார், சோறு பாதி மடியில் விழுந்தது. ஷாப்பில் தோலைத் தொட்டுத் தரம் சொல்லக் கூப்பிட்டால், "எனக்குத் தெரியாது முதலாளி, வேற ஆளப் பாருங்க" என்றார். மூன்று மாதத்தில் வேலையை விட்டார். நீ உன் முதல் சம்பளத்தில் ஒரு எவர்சில்வர் ஸ்பூன் வாங்கி வந்தாய், பிடியில் பூ வேலை செய்தது. "இதுல சாப்பிடுங்கப்பா" என்றாய். அவர் வாங்கிக்கொண்டார். சாகிற வரைக்கும், ஐந்து வருஷம், இடது கையில் அந்த ஸ்பூனைப் பிடித்துக்கொண்டுதான் சாப்பிட்டார். நீ எதிரில் உட்கார்ந்து கையால் பிசைந்து சாப்பிட்டாய். தொட்டுக்கொள்ள வெஞ்சனம் போதவில்லை என்றுகூட என்னிடம் சண்டை பிடித்தாய்.

நடுவில் ஒரு கோடையில் எல்லையில் சண்டை வந்தது. நாடே டிவிக்கு முன்னால் உட்கார்ந்தது. செத்தவர்களை மாலை போட்ட லாரிகளில் கொண்டுபோனார்கள், பள்ளிப் பிள்ளைகளை ரோட்டோரம் நிறுத்திக் கொடி ஆட்டச் சொன்னார்கள், மந்திரிகள் போட்டி போட்டுக்கொண்டு வீடு தேடிப் போய்ச் செக் கொடுத்தார்கள். அந்தத் தாய்களின் மேல் எனக்குப் பொறாமை இல்லை. டிவியில் ஒருத்தி செக்கைக் கையில் பிடித்துக்கொண்டு யாரையோ தேடுகிற மாதிரி விழித்தாள், அந்த முகம் எனக்குத் தெரிந்த முகம். ஆனால் சவரி முந்தியே செத்துவிட்டான். எல்லாரும் பார்க்கிற நேரத்தில் சாகத் தெரியவில்லை அவனுக்கு. அப்போது டீக்கடையில் ஒருவர் பேப்பரை வைத்துக்கொண்டு, "நம்ம பயலுகளுக்குப் பனியில போட நல்ல பூட்ஸே இல்லையாம்ப்பா. கோடி கோடியா ஒதுக்குறதெல்லாம் எங்க போகுது?" என்று சத்தம் போட்டாராம். உன் அப்பா என்ன சொன்னார் தெரியுமா? பிச்சை வந்து அழுதுகொண்டே என்னிடம் சொன்னார். "மத்தவங்களுக்கு இல்லாம இருக்கலாம். எம்மகனுக்கு நல்ல பூட்ஸு குடுத்தாங்க. நான்தான் கெடுத்தேன்" என்று சொல்லிவிட்டு டீயை வைத்துவிட்டு எழுந்து வந்துவிட்டாராம். அன்று வீட்டில் நீ இருந்தாய். பிச்சை சொன்னதைக் கேட்டாய். செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போனாய்.

அவர் செத்தபோது நீ சாமியாரைக் கூப்பிடவும் பந்தல் போடவும் அலைந்துகொண்டிருந்தாய். அந்த நேரத்தில் சவரியின் இடது பூட்ஸை அவர் பெட்டிக்குள் வைத்துவிட்டேன். வெட்டி எடுத்த காலுக்கு உரியது அது. பிச்சை மூடியைப் பிடித்துக்கொண்டார். அதனால் என்னிடம் இருப்பது வலது கால் மட்டும்தான், நீ இரண்டு வேண்டும் என்று தேடாதே.

பூட்ஸை எடுக்கலாம் என்று போன வாரம் டிரங்குப் பெட்டியைத் திறந்தபோது, அடியில் அந்த விசாரணைத் தாளின் நகல் இருந்தது. ஸ்டெல்லா படித்தாள். இங்கிலீஷில் படித்துவிட்டு என்னைப் பார்த்தாள். "அப்பத்தா, தாத்தா சொன்னதுன்னு ஒரே ஒரு வரிதான் இருக்கு. பூட்ஸுக்கு நான் எண்ணெய் போட்டேன். அவ்வளவுதான்" என்றாள். இன்னொரு தரம் படி என்றேன். படித்தாள். தோல் என்ற சொல்லே அதில் எங்கும் இல்லையாம்.

அடுத்த நாள் டவுன் பஸ் ஏறித் தங்கவேலு வீட்டுக்குப் போனேன். ரிடையர் ஆகி, கண் ஆபரேஷன் செய்து, பச்சைத் துணி கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"எம்மகன்கிட்ட முந்தின நாளு என்ன சொன்னீரு?" என்றேன்.

"அது ஆச்சும்மா எம்புட்டோ வருசம், எனக்கு எங்க ஞாபகம்..."

"எனக்கு இருக்கு. சொல்லும்."

"கவர்மெண்டு சாமானக் குறை சொன்னா பைலு டெல்லிக்குப் போயிரும், தம்பிக்கு வேலை ஆர்டர் நின்னுரும்னு சொன்னேன். நல்லதுக்குத்தாம்மா சொன்னேன்."

"யாரு நல்லதுக்கு?"

அவர் மருமகளைக் கூப்பிட்டுக் காப்பி போடச் சொன்னார். நடந்து களைத்திருந்ததால் குடித்தேன். குடித்த காப்பிக்காக இல்லை, மனசாரத்தான் சொல்கிறேன், அவரை விட்டுவிட்டேன். அவருக்கு இருந்த பயத்தை உன்னிடம் சொன்னார், அவ்வளவுதான். ஆபீசரையும் விட்டுவிட்டேன், அவர் பேனாவைத் தூக்கிப் பிடித்துக் காத்திருந்தவர். பிச்சை போய்ச் சேர்ந்துவிட்டார், அவர்மேல் எனக்கு என்ன. மேல்தோலை உரித்து விற்றவன் எந்த ஊரில், எந்தக் கட்டிலில் படுத்திருக்கிறானோ, அவன் முகம் தெரியாது. பூசையில், எங்களுக்குத் தீமை செய்தவர்களை நாங்கள் பொறுப்பதுபோல என்று மன்னிப்பைப் பற்றிய அந்த வரி வரும்போது அவனை நினைத்து இருபது வருஷமாக வாயை மூடிக்கொள்கிறவள் நான். போன ஞாயிறும் மூடிக்கொண்டேன், ஆனால் நினைத்தது அவனை இல்லை. அரசாங்கத்தை மன்னிப்பதா வேண்டாமா என்று நான் யோசிப்பதில்லை. அது கேட்டு வந்து என் வாசலில் நிற்கப் போவதில்லை.

உனக்குப் புத்தி சொல்கிற வயதை நாம் இருவருமே தாண்டிவிட்டோம். ஆனாலும் ஸ்டெல்லாவுக்குத் தகப்பன் நீ, அதனால் ஒன்று சொல்கிறேன். ஒருவருக்கு வாயாக நிற்கப் போனால் முழுசாக நில், முடியாவிட்டால் வாசலில் நிற்கிறவரை உள்ளே கூப்பிடு. அந்த மாடி அறையில் நீ பயந்ததை நான் மன்னித்துவிட்டேன் அப்பு, சத்தியமாக. இருபத்தோரு வயதுப் பிள்ளை, அண்ணனைப் புதைத்து ஏழு மாதம், யார்தான் பயப்படமாட்டார்கள். ஆனால் அந்தப் பயம் ஒரு நிமிஷம். ஸ்பூன் ஐந்து வருஷம். அத்தனை வேளைச் சாப்பாட்டில் ஒரே ஒரு வேளை, "யப்பா, நீங்க சொன்னத நான் சொல்லவே இல்ல, ஒங்க வெரலு பொய் சொல்லல" என்று சொல்லியிருந்தால் அந்த மனுஷன் கையைக் கழுவிவிட்டுச் சோற்றில் வைத்திருப்பார். அவர் உன்னை அடித்திருக்கமாட்டார். எனக்குத் தெரியும், அழுதிருப்பார், பிறகு நிம்மதியாகச் சாப்பிட்டிருப்பார்.

வலது கால் பூட்ஸை ஸ்டெல்லாவிடம் கொடுத்துவிட்டேன். பாலிஷ் போடாதே. உன் அப்பா எண்ணெய் இன்னும் தையலில் இருக்கிறது, முகர்ந்தால் தெரியும். நாக்கு வைத்த விளிம்பு வெளியே தெரிகிற மாதிரி வை. இந்தக் கடிதத்தை நீ எடுத்துவிடுவாய் என்பதும் எனக்குத் தெரியும். பூட்ஸ் மட்டும் கண்ணாடிக்குள் இருக்கும், மந்திரி நாடு மறக்காது என்று பேசுவார், கலெக்டர் கைதட்டுவார், நீ முன் வரிசையில் உட்கார்ந்திருப்பாய். அன்றைக்குப் பாதியை விட்டவன் இன்றைக்கும் பாதியை விடுவாய். அடுத்த பட்ஜெட்டில் ஒதுக்குகிற கோடி இன்னும் பெருசாக இருக்கும். அதில் வாங்கும் தோலை நாக்கில் தொட்டுப் பார்க்க ஆள் இருக்காது. நான் இந்தப் பெட்டிக்கு முன்னால் வந்து நிற்கப் போவதில்லை, அந்தப் பள்ளிக்கூடத்து மாடிப்படியில் என்னால் ஏற முடியாது.

அந்தத் தாளின் அடியில், தகப்பன் சொன்னது முழுவதையும் மொழிபெயர்த்துச் சொன்னேன் என்று ஒரு வரி இருக்கிறதாம். அதற்குக் கீழே கையெழுத்து. ஸ்டெல்லா அதை மட்டும் வாயால் படிக்காமல் விரலை வைத்துக் காட்டினாள். அது நான் வைத்த பேர். திருநாளன்று பிறந்த பிள்ளை என்று கோயிலில் சொல்லி ஆசையாக வைத்த பேர். வீட்டில் அப்பு என்றே கூப்பிட்டுப் பழகியதால் அதைச் சொல்லி நான் உன்னைக் கூப்பிட்டதில்லை. இப்போது எழுதுகிறேன். மற்ற எல்லாரையும் விட்டுவிட்டேன்.

இருதயராஜை விடமாட்டேன்.